ஊர் கூடும் நாளும் நாமும்

"ஊராட்சி வாக்காளர் அனைவரும் அடங்கிய அவை கிராம சபை எனப்படும்." நமது குடிமையியல் பாடத்தில் கிராம சபையைப் பற்றி இவ்வளவு எழுதினால் இரண்டு மதிப்பெண் கிடைத்துவிடும். பாடநூலிலும் அது அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. இவ்வாண்டு எங்கள் சமூக அறிவியல் மன்றத்தார் அந்த அரைப் பக்கத்தையே ஆண்டு முழுவதற்கும் பாடமாக எடுத்துக்கொண்டோம். காரணம் உண்டு. நம் விடுதித் தோழியரில் பெரும்பாலோர் வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் என்று இரு மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்தும் வந்து பயில்கிறவர்கள். "உங்கள் ஊரில் கிராம சபை நடக்கிறதா?" என்று அவர்களைக் கேட்டபோது, "கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்களே, அதுவா?" என்றுதான் பலரும் திருப்பிக் கேட்டார்கள். மிட்டாய்க்குப் பிறகு நடப்பது என்ன என்று அறிந்து எழுதும்படி எங்கள் வகுப்பு அருட்சகோதரி பணித்தார்கள். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் நம் இரு மாவட்டங்களைப் பற்றிச் சில சொற்கள். 1995ஆம் ஆண்டு வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளே. அவ்வாண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் மீண்டும் சேர்ந்தது, 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. (பாட்டிமார் இன்றும் "திருச்சி ஜில்லா" என்றே சொல்வதில் வியப்பில்லை.) 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மாவட்டங்களில் மிகக் குறைந்த மக்களைக் கொண்டது பெரம்பலூர், ஏறத்தாழ 5 இலட்சத்து 65 ஆயிரம் பேர். 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது பெரம்பலூரில் 121 ஊராட்சிகளும் அரியலூரில் 201 ஊராட்சிகளும் இருந்தன. ஆகவே கிராம சபை நாளில் நம் இரு மாவட்டங்களில் மட்டும் 322 இடங்களில் மக்கள் ஒரே நேரத்தில் கூடுகிறார்கள், அல்லது கூட வேண்டும்.

அந்த நாட்கள் எவை? குடியரசு நாளான ஜனவரி 26, தொழிலாளர் நாளான மே 1, விடுதலை நாளான ஆகஸ்ட் 15, காந்தியடிகள் பிறந்த அக்டோபர் 2 ஆகிய நான்கும் பழைய ஏற்பாடு. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூடும் என்று 2022இல் அரசு அறிவித்தது. ஊரின் மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்பே ஊரறிய அறிவிக்க வேண்டும்.

அறிவிப்பு என்றதும் நினைவுக்கு வருவது தண்டோரா. பறையை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் செல்வது யார் வீட்டுப் பிள்ளையின் வேலையாக இருந்தது என்பதை நம் ஊர்களில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதி, இவ்வழக்கத்தை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிக்கும்படி கூறினார். சபை கூடுவதற்கு முன்பே, கூட்டத்தை அறிவிக்கும் முறையிலேயே சமநீதிக் கேள்வி தொடங்கிவிடுகிறது. இதை அறிந்தபோது எங்களில் சிலர் சற்று நேரம் பேசாமலே இருந்தோம்.

இந்தச் சபையின் வரலாறு நமக்குப் பெருமை தருவது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி எல்லோரும் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை, குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதியைக் கூறுகின்றன. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது என்ற விதி அவற்றில் உண்டு. இன்றைக்கும் வேண்டிய விதிதான். ஆனால் பாடநூல் மெதுவாகக் கடந்துபோகும் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். அந்த ஓலையில் பெயர் எழுதப்பட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். நிலமற்றவருக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. ஆகவே, "நம் முன்னோர் அன்றே மக்களாட்சி கண்டனர்" என்று பேச்சுப் போட்டியில் முழங்கும் தங்கைகள் ஒரு நொடி நின்று, அந்தச் சபையில் தாங்கள் எங்கே உட்கார்ந்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முழங்கலாம்.

எல்லோருக்கும் இடம் தந்தது பிற்காலச் சட்டமே. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பின்பற்றித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றிருந்தது, 2016இல் பாதி என்று உயர்த்தப்பட்டது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடந்த தேர்தலில் நம் இரு மாவட்டங்களிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் வார்டு உறுப்பினராகவும் தலைவராகவும் வந்தார்கள். அவர்களுடைய ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. உடனே தேர்தல் நடைபெறாமையால் ஊராட்சிகளின் பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தலைவருக்குப் பதவிக்காலம் உண்டு, உறுப்பினருக்கும் உண்டு. கிராம சபைக்கு அது கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரெல்லாம் அதன் உறுப்பினர் ஆதலால், அதைக் கலைக்கவோ ஓய்வு கொடுத்து அனுப்பவோ எவராலும் இயலாது.

ஆனால் பதவி வந்தவுடன் மரியாதையும் வந்துவிடுகிறதா? திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து, ஆகஸ்ட் 20 அன்று அத்தலைவியையே கொடியேற்றச் செய்தார். விடுதலை நாள் அந்த ஊருக்கு ஐந்து நாள் தாமதமாக வந்தது என்று சொல்லலாம். 2022இல், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் எவ்விதத் தடையுமின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று எல்லா ஆட்சியர்களுக்கும் அரசு எழுத வேண்டியிருந்தது.

இனி, நாங்கள் கண்டது. ஓர் அக்டோபர் 2ஆம் நாள், தோழி ஒருத்தியின் ஊருக்கு அருட்சகோதரியுடன் பன்னிரண்டு பேர் சென்றோம். ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எல்லா ஊர்களிலும் நடப்பதுதான் அங்கும் நடந்தது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாமியானா. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். பின்னால் தரையில் பெண்கள். எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. கூட்டம் தொடங்கும் முன்பே வருகைப் பதிவேடு சுற்றி வந்தது. கையெழுத்திட்டவுடன் பாதிப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். "களை எடுக்கப் போகணும் கண்ணு, கையெழுத்துக்குத்தான் வந்தோம்" என்றார் ஒரு பாட்டி. வரவு செலவுக் கணக்கு மிக வேகமாகப் படிக்கப்பட்டது. நாங்கள் குறிப்பெடுக்க முயன்று தோற்றோம்.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "அய்யா, மோட்டார் ரிப்பேருக்கு இவ்வளவுன்னு படிச்சீங்களே, அது எந்த மோட்டாருங்க? எங்க தெருவுல மூணு மாசமா தண்ணி வரலையே" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. அதற்குப் பிறகு பேரேட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்பி, மெதுவாக, தேதியோடு படித்தார்கள். மோட்டார் வேறு தெருவினுடையது என்று தெரிந்தது. இவர்கள் தெருக் குழாயைச் சரிசெய்யவேண்டும் என்ற தீர்மானம் எண் போட்டு எழுதப்பட்டது. நாங்கள் அங்கிருந்த இரண்டரை மணி நேரத்தில் முன்னதாகவே எழுதி வைக்கப்படாத தீர்மானம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறோம்.

கணக்கை உரக்கப் படிக்கச் சொல்வது சிறிய செயலாகத் தோன்றலாம். அதிலிருந்தே நாடு தழுவிய இயக்கம் ஒன்று பிறந்திருக்கிறது. சென்னையில் பிறந்த அருணா ராய் இந்திய ஆட்சிப் பணியை விட்டு விலகி, 1987இல் இராஜஸ்தானத்தில் தேவ்டுங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண் குடிசையில் தோழர்களுடன் குடியேறினார். 1990 மே 1இல் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், உழவர் அமைப்பு தொடங்கப்பட்டது. பஞ்ச நிவாரண வேலைக்குக் கூலி குறைவாகக் கிடைக்கிறதே என்று கேட்டால், "நீ செய்த வேலை குறைவு, பதிவேடு அப்படிச் சொல்கிறது" என்று பதில் வந்தது. பதிவேட்டைக் காட்டச் சொன்னால் அது அரசாங்க இரகசியம். 1994 டிசம்பர் 2ஆம் நாள் கோட்கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, கிடைத்த பதிவேட்டுப் படிகளை ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரும் அதில் இருந்தது, கூலி வாங்காதவர் வாங்கியதாகவும் இருந்தது. இவ்வகைக் கூட்டத்துக்கு ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, என்று பெயர். அங்கிருந்து பெருகிய கோரிக்கைதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக முடிந்தது. அதற்கும் எட்டாண்டு முன்பே, 1997இல், தமிழ்நாடு இப்பொருளில் தனிச் சட்டம் ஒன்று இயற்றியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அதே 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைக் கணக்கைக் கிராம சபையே தணிக்கை செய்யும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் "நூறு நாள் வேலை"க்குச் சென்றவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். நம்மில் பலருடைய தாய்மாரும் அவர்களில் அடங்குவர். தங்கள் பெயருக்கு நேரே எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்று சபையில் கேட்கும் உரிமையை முதன்முதலில் பெற்றவர்கள் அவர்களே.

கிராம சபையோடு நம் பகுதியில் மற்றொரு வகைக் கூட்டமும் அடிக்கடி நடக்கிறது. அரியலூர் என்றாலே சிமெண்ட். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாயிருந்தது. அக்கடலின் சிப்பிகளும் பிற உயிர்களும் மண்ணுள் படிந்ததன் பயனாகவே நமக்குச் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. (பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதிக்கு நிலவியல் சுற்றுலா போய்வந்த தங்கைகள் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள்.) அரசுக்கும் தனியாருக்கும் உரிய ஆலைகள் பல அங்கே உண்டு. அவை வேலை தந்தன, சாலை தந்தன, கூடவே புழுதியும், ஓயாத லாரிப் போக்குவரத்தும், ஊர் ஓரத்தில் ஆழமான பள்ளங்களும் வந்தன. புதிய சுரங்கமோ, பெரிய ஆலை விரிவாக்கமோ வரும்போது, மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதைக் கூட்டும்; மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அலுவலரோ தலைமை வகிப்பார். முப்பது நாள் முன்னதாக நாளிதழில் அறிவிக்க வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். நடப்பதைப் படம் பிடிக்க வேண்டும். முடிவில், மக்கள் கூறிய கருத்துகளைத் தமிழிலேயே படித்துக் காட்ட வேண்டும்.

இங்கே இத்தனை பேர் வந்தே தீரவேண்டும் என்ற விதி கிடையாது. அதாவது பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். பள்ளத்துக்கு மிக அருகே குடியிருக்கும் பெண்கள் கூலி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், அவர்கள் சொல்ல நினைத்தது எழுத்தில் ஏறாமலே போய்விடும். ஆகவே வாய்மொழியாகச் சொல்ல முடியாதவர்கள் முன்கூட்டியே எழுத்து மூலமும் கொடுக்கலாம் என்பதை நம் வீட்டாருக்குச் சொல்வது நல்லது.

கூட்டங்களால் என்ன ஆகிவிடும் என்று கேட்போர்க்கு ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு நீண்ட விடை இருக்கிறது. அங்கே பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி உண்டு. 1990களில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் அமைப்பதற்கென்று பல கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. முந்திரி விளைந்த மண் அது. கொடுத்த இழப்பீடு மிகக் குறைவு என்று குடிகள் நீதிமன்றம் சென்றார்கள். ஊர் ஊராகக் கூடினார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கும் அரசுக்கும் மனு மேல் மனு கொடுத்தார்கள். மின் நிலையம் எழவேயில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு திட்டம் கைவிடப்பட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முன்வந்தது. மனுக் கொடுத்தவர்களில் எத்தனையோ முதியவர்கள் அதற்குள் காலமாகிவிட்டிருப்பார்கள். அவர்களுடைய பேத்திமார் இன்று நம் வயதில் இருக்கிறார்கள். இதை வெற்றி என்று எழுதுவதா, காலதாமதம் என்று எழுதுவதா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. இரண்டும்தான் என்று முடித்தோம்.

இனி நம்மைப் பற்றியது. பதினெட்டு வயது நிரம்பி வாக்காளர் ஆகும்வரை நாம் கிராம சபையின் உறுப்பினர் அல்லர். பார்வையாளராக இருக்கலாம், அவ்வளவே. ஆனால் நமக்கென்றே இடம் ஒதுக்கப்பட்ட குழு ஒன்று இருக்கிறது என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம். 2009இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். ஊராட்சித் தலைவர் அதன் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியர் ஆகியோருடன் குழந்தைகளின் சார்பாளர் இருவரும் அதில் இடம்பெற வேண்டும். விடுதியில் விசாரித்தோம். தன் ஊரில் அந்த இருவர் யார் என்று எவருக்கும் தெரியவில்லை.

அது தெரிந்திருக்க வேண்டிய தேவை என்ன என்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது வருகைப் பதிவேட்டில் ஒன்றிரண்டு பெயர்கள் வெறுமையாக நிற்கின்றன. "அவளுக்குக் கல்யாணம் பேசிட்டாங்க" என்று பக்கத்து ஊர்த் தோழி சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. பெண்ணுக்கு 18 வயது நிரம்பும் முன் மணம் செய்விப்பது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். செய்விப்பவருக்கு இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தடுக்கும் பொறுப்பு மாவட்டச் சமூக நல அலுவலருடையது. 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்; பேசியவர் யார் என்று வெளியிட மாட்டார்கள். பெற்றோர்க்கும் மரியாதையோடு ஒரு விண்ணப்பம். பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்ற அச்சமே இதற்குக் காரணம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த அச்சத்தை, விளக்கு எரியாத தெரு, நேரத்துக்கு வராத பேருந்து, மதுக்கடை என்று பெயர் சொல்லிச் சபையில் எழுப்பலாம் அல்லவா? பேருந்து வேண்டும் என்ற தீர்மானம் ஒன்று நிறைவேறினால், பத்தாம் வகுப்போடு நின்றுவிட இருந்த நான்கு பெண்கள் மேல்நிலை வகுப்புக்கு வருவார்கள்.

கடைசியாக, எங்கள் மன்றம் தயாரித்துச் சுவரில் ஒட்டியிருக்கும் மனு எழுதும் குறிப்பை இங்கே தருகிறோம். ஒரு மனுவில் ஒரே குறையை எழுதவேண்டும். ஐந்தைச் சேர்த்தால் ஐந்தும் கிடப்பில் போகும். "எங்கள் ஊரில் வசதி இல்லை" என்று எழுதாமல், எந்தத் தெரு, எந்தக் கம்பம், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதவேண்டும். முன்பு கிராம சபைத் தீர்மானம் இருந்தால் அதன் தேதியும் எண்ணும் வேண்டும். பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு நாம் எழுதிக்கொடுத்தால், கைநாட்டு வாங்குமுன் முழுவதையும் அவர்களுக்குப் படித்துக் காட்டவேண்டும். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். மனுவின் நகலோடு அந்தச் சீட்டையும் சேர்த்துக் குத்தி, குடும்ப அட்டை வைக்கும் பையிலேயே வைத்துவிட வேண்டும். அடுத்த கிராம சபையில் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.